பால் டின் உபயம்

நான் எந்தச் சாமிக்கும் நேர்ந்துகொள்ளாமல் மொட்டை போட்டுக்கொண்டவன். போட்டுக்கொண்டவன் என்று சொல்வதுகூட ஒரு பெருமைக்குத்தான். போடப்பட்டவன். அதுவும் ஒரு திருடனைப் பிடிக்கப் போன இடத்தில், திருடன் என்று நான் நம்பிய மனிதரே டோக்கன் வாங்கிக் கொடுத்து.

என் தொழிலை விளக்குவது எப்போதுமே சிரமம். தடயக் கணக்காய்வு என்று தமிழில் சொன்னால், பிணத்தை அறுத்துப் பார்க்கிற வேலையா என்று கேட்கிறார்கள். கம்பெனிகளில் யாராவது எதையாவது சுருட்டிவிடுவார்கள். எப்படிச் சுருட்டினார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று தேடிக் கண்டுபிடித்துக் கோர்ட்டில் நின்று சொல்லவேண்டும். ஹாங்காங், லண்டன், சிட்னி என்று பல ஊர்களில் இதைச் செய்தே பிழைத்துவிட்டேன். கருத்தரங்குகளில் இளைஞர்கள் வந்து, சர்வதேச அளவில் இந்தத் துறையில் எப்படி வளர்ந்தீர்கள் என்று கேட்பார்கள். கடின உழைப்பு, நுணுக்கமான பார்வை என்று ஏதாவது சொல்லிவைப்பேன். (சுத்தப் பொய். தைப்பூசத்தன்று மைக்கைப் பிடித்துக் கத்தியதால் வளர்ந்தேன்.)

எண்பதுகளின் தொடக்கம் அது. பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் பீச் ஸ்ட்ரீட்டில் இருந்த ஓர் ஆடிட் அலுவலகத்தில் நான் இளநிலைக் கணக்காய்வாளன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தாத்தா குமாஸ்தா, அப்பா தலைமைக் குமாஸ்தா. எங்கள் வீட்டில் டாக்டர், வக்கீல் இரண்டும்தான் படிப்பு. மூன்றாவதாகக் கணக்கியலை ஒரு சலுகையாக அனுமதித்திருந்தார்கள். எனக்கோ மற்றவர்கள் செய்த கூட்டலைச் சரிபார்த்துப் பச்சைப் பேனாவால் டிக் போட்டே ஆயுள் போய்விடுமோ என்று பயம். பினாங்கை விட்டு வெளியே போகவேண்டும், பெரிய ஆளாக வேண்டும் என்பது ஒரு கனவு. இன்னொரு கனவு என் தலைமுடி. காதை மறைத்து, காலரைத் தொட்டு, நெற்றியில் ஓர் அலை அடிக்கும். அந்த அலைக்காகக் காலையில் நான் குளியலறையை அடைத்துக்கொண்டு நிற்பதால் அப்பா பல நாள் வேலைக்குப் பிந்தியிருக்கிறார்.

அப்போதுதான் ஹாங்காங்கிலிருந்து மிஸ் லாவ் வந்தார். எங்கள் நிறுவனத்தின் மோசடி விசாரணைப் பிரிவுக்குத் தலைவி. ஐந்தடிக்கும் குறைவான உயரம், பூனை நடக்கிற சத்தம்கூட வராத நடை. கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில், கெட்டிப்பால் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் பால் டின்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. கொண்டுபோகும்போது அடிபட்டு நசுங்குகிற டின்களை லேபிள் ஒட்டாமல் ஒதுக்கிக் குப்பைமேட்டில் புதைத்துவிடுவது அங்கே வழக்கம். அந்த வருஷம் நசுங்கியதாகச் சொல்லப்பட்டதைப் பார்த்தால், தொழிற்சாலைக்குள் யானை புகுந்திருக்க வேண்டும். நசுங்கியதாகச் சொல்லிவிட்டு யாரோ வெளியே கடத்துகிறார்கள் என்று கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குச் சந்தேகம்.

தொழிற்சாலையின் விநியோக மேனேஜர் பரமசிவம் எங்களை வரவேற்று உட்காரவைத்து, கறிபப்பும் தேநீரும் கொடுத்து, மிகுந்த வருத்தத்தோடு ஒரு பெயரையும் கொடுத்தார். ஸ்டோர் சூப்பர்வைசர் சுந்தரம். பல வருஷ ஊழியர், சுங்கை பினாங்கில் குடும்பத்தோடு இருக்கிறார். “என் வாயால சொல்லவே மனசு வரல,” என்று பரமசிவம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அந்தக் கண்ணீரை நம்பினேன். கறிபப்பு அவ்வளவு நன்றாக இருந்தது.

மிஸ் லாவ் அலுவலகத்துக்குத் திரும்பியதும் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, அடுத்த திங்கட்கிழமை அவர் அறிக்கை கொடுக்க வேண்டும். அதில் சுந்தரத்தின் பெயர் இருந்தால் அன்றே அவர் வேலை போய்விடும். இரண்டு, இந்த விசாரணை முடிந்ததும் பினாங்கு அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞரை ஹாங்காங்குக்கு அழைத்துப்போவார். சுந்தரம் தமிழர், ஆகவே அவரை ஒரு வாரம் கவனிக்கத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த வேகத்தில் அது சாய்ந்தே விழுந்தது.

அவர் எனக்குச் சொன்ன விதிகள் எளியவை. சுந்தரத்தின் அருகே போகாதே. அவர் கையிலிருந்து எதையும் வாங்காதே. யார் கண்ணிலும் படாதே. இந்த மூன்றையும் நான் எப்படி மீறினேன் என்பதுதான் மிச்சக் கதை.

அந்த வாரம் முழுக்க நான் ஒரு கறுப்புக் கண்ணாடியோடு சுந்தரத்தின் பின்னால் திரிந்தேன். மாலை ஃபெர்ரியில் அவர் பைக்கோடு நிற்பார். நான் என் ஹோண்டா மோட்டார் சைக்கிளோடு கொஞ்சம் தள்ளி நின்று, செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வேன். பட்டர்வொர்த் ஃபெர்ரியில் செய்தித்தாள் விரித்தவர்களுக்குத் தெரியும், கடல்காற்று அதைப் படிக்கவிடாது. ஒருநாள் முதல் பக்கம் பறந்துபோய்ச் சுந்தரத்தின் முதுகிலேயே ஒட்டிக்கொண்டது. அவர் எடுத்து மடித்துக்கொண்டு வந்து கொடுத்தார். நான் கண்ணாடிக்குள்ளிருந்து தலையை ஆட்டினேன். மாலை முழுக்க அவருடைய அடுக்குமாடிக்கு எதிரே இருந்த காப்பிக்கடையில் பால் சேர்க்காத கோப்பி-ஓ குடித்துக்கொண்டு அவர் வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வாரம் எனக்குத் தூக்கமே வரவில்லை.

சுந்தரம் வேலைக்குப் போனார், வீட்டுக்கு வந்தார், மீன் வாங்கினார். வேறொன்றும் செய்யவில்லை. இவ்வளவு ஒழுங்காக இருக்கிற ஆள் நிச்சயம் திருடன்தான் என்று நான் குறிப்பு எழுதினேன். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையில் அவரும் தொழிற்சாலை நண்பர்களும் தண்ணீர்ப்பந்தல் போடுவதாகத் தெரியவந்தது. அன்று பிற்பகல் மிஸ் லாவ் கேமராவோடு வருவார். கோயில் சாலையில் ஒரு பெரிய மழைமரத்தடியில் சந்தித்து, நான் ஆளை அடையாளம் காட்டவேண்டும். இதுதான் ஏற்பாடு.

தைப்பூசத்தன்று காலையில் கூட்டத்தோடு கூட்டமாகச் சுந்தரத்தைப் பின்தொடர்ந்தேன். உடைத்த தேங்காய்ச் சிதறலில் கால் வழுக்கியது. அவர் நேராகப் போய் ஒரு வரிசையில் நின்றார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு பெருங்கூட்டம் வந்து நின்றது. இரண்டு பக்கமும் மூங்கில் கட்டியிருந்தார்கள். அது மொட்டை போடுகிற வரிசை என்பது எனக்குத் தெரியும். கடைசி நிமிஷத்தில் நழுவிவிடலாம் என்பது திட்டம். (அந்த வயதில் என் எல்லாத் திட்டங்களும் இந்த மாதிரிதான்.)

சுந்தரம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “தம்பிக்கு மொத தடவையா?”

பேச்சுக் கொடுத்தால் சந்தேகம் வராதபடி பதில் சொல்லவேண்டும் என்று படித்திருந்தேன். ஆமாம் அண்ணே, நேர்த்திக்கடன் என்றேன். என்ன நேர்த்தி என்று அவர் கேட்கவில்லை. என் முடியை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு அன்றைக்குப் புரியாத ஒரு பாசம் இருந்தது.

“பயப்படாதீங்க தம்பி. ஒன்னும் சூசா இல்லலா, கஷ்டமே கெடையாது, ரெண்டு நிமிஷம்தான். நீங்க முன்னால போங்க, நான் பின்னால நிக்கிறேன்.”

மரியாதைக்கு மறுத்தேன். அவர் மரியாதைக்கு வற்புறுத்தினார். நம் ஆட்களிடம் இந்தப் போட்டியில் வயதில் மூத்தவர்தான் ஜெயிப்பார். என்னிடம் டோக்கன் இல்லை என்ற கடைசி ஆயுதத்தை எடுத்தேன். அவர் எனக்கும் சேர்த்தே வாங்கியிருந்தார். அடுத்த கணம் நான் ஒரு மணையில் உட்கார்ந்திருந்தேன், தலையில் தண்ணீர் விழுந்தது. “அண்ணே, ஒரு நிமிஷம்,” என்று நான் நாவிதரிடம் சொல்லி முடிப்பதற்குள் அவர் நெற்றியிலிருந்து உச்சிவரை நடுவில் ஒரு ரோடு போட்டுவிட்டார். அதற்குமேல் நிறுத்தச் சொல்லி என்ன பயன்? என் அலை என் மடியில் விழுந்தது. எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. சுந்தரம் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டு தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

பிறகு அவரும் மொட்டையானார். என் தலை முழுக்கச் சந்தனத்தைத் தன் கையாலேயே தடவிவிட்டார். குளுகுளுவென்று இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பந்தலுக்கு வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகும்படி அழைத்தார். போனது போகட்டும், எதிரியின் கூடாரத்துக்குள்ளேயே நுழைகிறோம், ஹாங்காங்கில் இதைக் கேட்டால் அசந்துபோவார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு போனேன்.

பந்தலில் பெரிய அண்டாக்களில் ரோஸ் சிரப்பும் பாலும் ஐஸும் கலந்துகொண்டிருந்தார்கள். சுந்தரத்தின் மகள் மாலதி நீளமேசையில் நின்று பக்தர்களுக்குக் கிளாஸ் நீட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மொட்டைக்குச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். மேசைக்குப் பின்னால், பெட்டி பெட்டியாக, லேபிள் இல்லாத நசுங்கிய பால் டின்கள்.

புதைத்ததாகச் சொன்ன டின்கள். மலை மாதிரி. வழக்கு முடிந்தது, ஹாங்காங் கிடைத்தது என்று நான் நிற்கும்போது ஒருவர் என் கையில் டின் ஓப்பனரைத் திணித்து, “தம்பி, சும்மாதானே நிக்கிறீங்க, இத ஒடைங்க,” என்றார். பந்தலில் சும்மா நிற்பவன்தான் எல்லார் கண்ணிலும் படுவான். ஆகவே கண்ணில் படாமல் இருப்பதற்காக உட்கார்ந்து உடைக்க ஆரம்பித்தேன். என் தொழில் வாழ்க்கையின் முதல் சாட்சியத்தை நானே என் கையால் டின் டின்னாக உடைத்து அண்டாவில் ஊற்றினேன். பக்தர்கள் குடித்தார்கள். நானும் குடித்தேன். அருமையாக இருந்தது.

அவ்வளவு முட்டாள் இல்லை நான். ஒரு டின்னை மட்டும் சாட்சிக்கென்று மேசைக்கடியில் ஒளித்துவைத்தேன். பிற்பகலில் காவடிகள் வந்து கூட்டம் நெருக்கியது. பால் முடிந்துவிட்டது, அடுத்த பெட்டி வர நேரமாகும் என்று யாரோ பதறினார்கள். வெயிலில் வாடிப்போய் நின்ற ஒரு கர்ப்பிணிப் பெண்ணைப் பார்த்தேன். “இதோ இங்க ஒன்னு இருக்கு,” என்று சொல்லி, ஒளித்துவைத்த டின்னை நானே எடுத்து உடைத்துவிட்டேன். அதை உடைத்தபோது எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கட்டைவிரல் கொப்புளித்ததும் சுந்தரம் என்னை எழுப்பி மைக் பக்கம் அழைத்துப்போனார். பந்தலில் உபயம் கொடுத்தவர்கள் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். நம் ஆட்கள் வலதுகை கொடுப்பதை இடதுகை அறியாமல் இருந்தாலும் ஊர் அறியாமல் கொடுக்கமாட்டார்கள். மின்விசிறியின் ஒவ்வொரு இறக்கையிலும் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு, சுற்றும்போது படிக்கமுடியவில்லை என்று வேகத்தைக் குறைக்கச் சொன்ன உபயகாரர் எங்கள் கோயிலிலேயே உண்டு. பெயர் சொல்லிக்கொண்டிருந்தவருக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். என் பேச்சு சுத்தமாக இருக்கிறதாம். என்ன சொல்லவேண்டும் என்று சுந்தரம் சொல்லிக்கொடுக்க, நான் மைக்கைப் பிடித்தேன்.

ஒலிபெருக்கியில் என் குரல் தண்ணீர்மலை வரை போய்த் திரும்பி வந்தது. அதற்குமுன் என் குரலை நான் அப்படிக் கேட்டதில்லை. எனக்குள் ஒரு தலைவன் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறான், அவன் எழுந்துவிட்டான். ஐஸ் உபயம், சர்க்கரை உபயம், பால் டின் உபயம் என்று ஏற்ற இறக்கத்தோடு, ‘ர’கரத்தை உருட்டி, திரும்பத் திரும்ப முழங்கினேன். யாரோ மாற்றிவிட வந்தார்கள். கொடுக்கவில்லை.

அப்போதுதான் வெள்ளைத் தொப்பி, கேமராவோடு மிஸ் லாவ், எப்போது வந்தாரோ, மழைமரத்தடியில் நிற்பதைப் பார்த்தேன். அவர் என்னைத் தேடிக்கொண்டிருந்தார். பந்தலைப் பார்த்துப் பல படங்கள் எடுத்தார். மைக்கை விட்டுப் போக மனமில்லை, ஆனால் நான் இங்கேதான் இருக்கிறேன் என்று தெரியப்படுத்தவேண்டும். சாமர்த்தியமாக ஒன்று செய்தேன். ஒலிபெருக்கியில் ஆங்கிலத்திலேயே, மரத்தடியில் நிற்கும் வெள்ளைத் தொப்பி அம்மையாரே, கேமராவோடு வந்திருக்கும் அம்மையாரே, எங்கள் பந்தலுக்கு வந்து குளிர்ந்த பால் அருந்துங்கள் என்று அழைத்தேன். சாலையில் போன அத்தனை பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். மிஸ் லாவ் முகம் வெளிறி, கூட்டத்துக்குள் புகுந்து மறைந்தார். நான் சொன்னதைப் புரிந்துகொண்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டு ஐஸ் உபயத்துக்குத் திரும்பினேன்.

மாலையில் வீட்டுக்குப் போனால் அம்மா கதவைத் திறந்து, அடையாளம் தெரியாமல் மறுபடியும் சாத்தினார். பிறகு என் குரலைக் கேட்டுத் திறந்தார்.

“ஆருக்கடா நேர்த்தி வைச்சனீ? என்னட்ட ஒரு சொல்லுச் சொன்னனியே?”

அப்பா சாய்வு நாற்காலியிலிருந்து பேப்பரைத் தாழ்த்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். “நான் இன்னும் இருக்கிறன் எல்லே?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேப்பரை உயர்த்திக்கொண்டார்.

மறுநாள் காலை ஹோட்டல் காப்பி அறையில் மிஸ் லாவைப் பார்க்க அப்பாவின் பழைய தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன். தொண்டை முழுக்கப் போய்விட்டது, காற்றுதான் வந்தது. அவர் தூங்காத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். நேற்று நீ எங்கே போனாய், உன்னை நம்பி வந்து நான் ஆபத்தில் மாட்டிக்கொண்டேன் என்றார். சுந்தரத்தைச் சும்மா ஒரு சின்ன ஆள் என்று நினைத்துவிட்டோம், அவருக்குப் பின்னால் ஒரு பெரிய கும்பலே இருக்கிறது, அதன் தலைவன் என்னைக் கண்டுகொண்டு ஒலிபெருக்கியில் அத்தனை பேர் முன்னால் மிரட்டினான் என்றார். பிறகு, இரவோடிரவாகக் கடையில் கழுவி வாங்கிவந்த படங்களை மேசைமேல் பரப்பினார்.

எல்லாப் படத்திலும் ஒரே ஆள்தான். சந்தனம் பூசிய மொட்டைத்தலை. வேர்வையில் நனைந்த சட்டை. ஒரு படத்தில் நசுங்கிய டின்னை வெறியோடு குத்திக்கொண்டிருக்கிறான். ஒரு படத்தில் மைக்கை விழுங்குவதுபோல் வாயைத் திறந்திருக்கிறான். கண்களில் அப்படி ஓர் அதிகார வெறி. படங்களின் பின்புறத்தில் மிஸ் லாவ் பென்சிலால் எழுதியிருந்தார்: கும்பல் தலைவன், அடையாளம் தெரியவில்லை.

இந்த மனிதனை உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

ஹாங்காங் கண்முன்னால் கப்பல் ஏறிப் போவது தெரிந்தது. இனி ஆயுளுக்கும் பச்சைப் பேனாதான். பொய் சொல்லத் தோன்றியது, ஆனால் சொல்வதற்குக் குரல் இல்லை. நான் தொப்பியைக் கழற்றினேன்.

மிஸ் லாவ் என் தலையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் தலையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் காப்பி ஊற்ற வந்த நம்மவர் ஒருவர் என் மொட்டையைக் கண்டு, “அரோகரா,” என்று சொல்லி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

மிஸ் லாவ் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். நாள் முழுக்க என்ன கத்திக்கொண்டிருந்தாய்? வார்த்தை விடாமல் சொல்.

நன்கொடை கொடுத்தவர்களின் பெயர்கள் என்று விளக்கிவிட்டு, முந்தின நாள் கத்தின வரிசையிலேயே ஆங்கிலத்தில் கிசுகிசுத்தேன். ஐஸ் அன்பளிப்பு இன்ன கடைக்காரர். சர்க்கரை அன்பளிப்பு இன்ன லாரிக்காரர். பால் டின்கள் அன்பளிப்பு, பிறை, திரு. பரமசிவம் குடும்பத்தார்.

அதோடு நின்றுவிட்டேன். மிஸ் லாவும் காப்பிக் கோப்பையைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

தமிழில் நாள் முழுக்க முழங்கியபோது எனக்கு உறைக்காதது, ஆங்கிலத்தில் ஒரே ஒரு தடவை சொன்னபோது உறைத்தது. டின்களை எல்லாம் புதைத்தாகிவிட்டது என்று எங்களிடம் கண்ணீர் விட்ட அதே பரமசிவம், அதே டின்களைச் சாமிக்கு உபயம் கொடுத்திருக்கிறார். கொடுத்தவர் சும்மாவாவது இருந்திருக்கலாம். ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி தன் பெயரை அடிக்கடி சொல்லவேண்டும் என்று சுந்தரத்துக்கு ஆர்டர் போட்டுவிட்டு, அவர் குடும்பத்தோடு பத்துமலைக்குப் போயிருந்தார். திருடியதை மறைக்கத் தெரிந்த மனிதருக்குக் கொடுத்ததை மறைக்க மனம் வரவில்லை. அந்தப் பெயரை ஜார்ஜ் டவுன் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தது நான்.

மீதியை மிஸ் லாவ் இரண்டு நாளில் முடித்தார். நல்ல டின்களை ஆள் வைத்துத் தட்டி நசுக்கி, கணக்கில் கழித்து, இரவில் லாரி ஏற்றிப் வெளியூர்க் கடைகளுக்கு விற்றது பரமசிவம்தான். புண்ணியத்துக்குக் கொஞ்சம் பந்தலுக்கு ஒதுக்கியிருக்கிறார். கம்பெனியிடம் சலுகை விலையில் வாங்கிக் கொடுக்கிறார் என்று நம்பியிருந்த சுந்தரத்துக்கு விஷயமே தெரியாது. திங்கட்கிழமை அறிக்கையில் அவர் பெயர் இல்லை. அதை டைப் அடித்த காகிதத்தில் பார்த்தபோதுதான், ஒரு வாரமாக என் தூக்கத்தைக் கெடுத்தது கோப்பி இல்லை, பயம் என்று எனக்கே தெரிந்தது. எனக்குச் சந்தனம் பூசிவிட்ட மனிதரை நான் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்ப இருந்தேன்.

அறிக்கை கொடுத்த மாலையே சுங்கை பினாங்குக்குப் போய், அண்ணே, நான் உங்களை வேவு பார்க்கத்தான் வந்தேன் என்று உண்மையைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அதிரவில்லை.

“நீங்க ஒரு வாரமா என் பின்னால சுத்துனது எங்க புளோக்குக்கே தெரியும் தம்பி. எங்க வீட்டு ஜன்னலயே பாத்துக்கிட்டு அத்தன கோப்பி குடிச்சீங்க. நீங்க மாலதியப் பாக்கத்தான் வர்றீங்கன்னுலா நெனச்சேன்.”

எனக்கு இருமல் வந்துவிட்டது. அவர் தண்ணீர் கொடுத்துவிட்டு நிதானமாக விளக்கினார். வெளியே நிற்கிற பையன் எப்படிப்பட்டவன் என்று பார்க்கவேண்டாமா? சாமி பக்தி இருக்கிறதா என்று வரிசையில் முன்னால் விட்டுப் பார்த்தாராம். உடம்பு வணங்கி வேலை செய்வானா என்று டின் உடைக்கவிட்டுப் பார்த்தாராம். நாலு பேர் முன்னால் பேச வருமா என்று மைக்கைக் கொடுத்துப் பார்த்தாராம். எல்லாவற்றிலும் நான் தேறிவிட்டேன். அதனால் அன்று இரவே மகளிடம் சம்மதம் கேட்டிருக்கிறார்.

சமையலறைக் கதவருகே நின்ற மாலதி அப்பாவிடம் சொல்வதுபோல் என்னிடம் சொன்னாள்: “ஆளு நல்லவருதான்பா. ஆனா மைக்கக் குடுத்தா திருப்பித் தரமாட்டாரு.”

ஆக, நான் கேட்காத பெண், நான் கேட்பதற்கு முன்பே என்னை வேண்டாம் என்று சொல்லியிருந்தாள். (பிற்பாடு என்னைக் கட்டிக்கொண்டவளும், மாலதி சொன்னது ரொம்பச் சரி என்கிறாள். இரண்டு பேரும் இப்போது சினேகிதிகள் வேறு.)

மிஸ் லாவ் என்னைத் திட்டவில்லை. விதிகளில் ஒன்றைக்கூட நீ காப்பாற்றவில்லை, ஆனால் இத்தனை வருஷத்தில் என்னுடைய ஆளையே எனக்கு அடையாளம் தெரியாமல் போனது இதுதான் முதல் தடவை என்றார். அடுத்த வாரம் ஹாங்காங், உடனே பாஸ்போர்ட் எடு என்றார். முடி வளர ஒரு வாரம் போதுமா? கேம்பல் ஸ்ட்ரீட் ஸ்டூடியோக்காரர் என் தலையில் விளக்கு அடிக்கிறது என்று பவுடர் போட்டுவிட்டுப் படம் எடுத்தார். அந்தப் படத்தோடுதான் நான் உலகம் சுற்றினேன். முடி வளர்ந்து அலை திரும்பிய பிறகு ஒவ்வொரு விமான நிலையத்திலும் என்னை ஓரமாக நிற்கவைத்தார்கள். மோசடியைக் கண்டுபிடிக்கப் போகிறவனை, ஆள்மாறாட்டம் என்று உட்காரவைத்து விசாரித்த ஊர்கள் உண்டு. கொழும்பில் ஓர் அதிகாரி மட்டும் படத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, அப்பாவா அம்மாவா என்று கேட்டார். இரண்டு பேரும் சுகம் என்றேன். அவருக்குச் சந்தேகம் வந்து பெட்டியைத் திறக்கச் சொல்லிவிட்டார். இப்போது அந்தச் சிக்கல் இல்லை. வயது என் முடியைத் தானாகவே எடுத்துக்கொண்டது, எந்த டோக்கனும் கேட்காமல்.

எந்த ஊரில் இருந்தாலும் முடிந்தவரை தைப்பூசத்துக்குப் பினாங்கு வந்துவிடுவேன். சுந்தரம் அண்ணே பந்தலில் என் கையில் ஓப்பனரைக் கொடுப்பார். மைக் பக்கம் மட்டும் விடமாட்டார், மாலதியின் உத்தரவு. பால் டின்கள் இப்போது என்னுடைய உபயம். லேபிள் ஒட்டியது, நசுங்காதது. முதல் வருஷம் நான் பெட்டிகளை இறக்கி வைத்ததும் அவர் என்னிடம் கையை நீட்டினார். கடைக்காரர் கொடுத்த ரசீதை வாங்கி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரி வரியாகப் படித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து வருஷா வருஷம் இதே சடங்குதான். எங்கள் வீட்டில் யாராவது யாருக்காவது ஒரு மாம்பழம் கொடுத்தால்கூட ரசீது எங்கே என்று கேட்காமல் வாங்குவதில்லை.

பந்தலில் கூட்டம் சேர்ந்ததும் அண்ணே மைக்கை எடுத்துத் தட்டிப் பார்ப்பார். அம்மா, என் மனைவி, மாலதி எல்லோரும் சிரிக்கத் தயாராக நிற்பார்கள். தண்ணீர்மலை வரை கேட்கிற மாதிரி அவர் நிறுத்தி நிதானமாகச் சொல்வார்:

“பால் டின் உபயம், ஹாங்காங் தம்பி குடும்பத்தார். ரசீது பாத்தாச்சு.”